பாட்டுப் பெட்டிக்கு எத்தனை முறை பணம் போடுவது?

கிரைண்டர் ஒன்று வாங்கினால், கல் தேயும்வரை அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியும் அப்படித்தான். ஆனால் பாட்டுக் கேட்கிற சாமான் இருக்கிறதே, அது ஒரு தடவையோடு முடிகிற செலவல்ல. பெட்டி வந்தால் ஸ்பீக்கர் பற்றவில்லை என்பார்கள். ஸ்பீக்கர் வந்தால் ஆம்ப்ளிபயர் போதாது. அதுவும் வந்துவிட்டால் ஒயர் சரியில்லை! பாட்டுப் பைத்தியம் பிடித்த கணவரோ மகனோ உள்ள வீட்டுச் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி அடுக்கடுக்காகச் செய்யும் மாற்றங்களில் எதற்குப் பலன் அதிகம்? முதலில் செய்ததற்கா, பின்னால் செய்வதற்கா? 'பின்னால் செய்வதுதான் முக்கியம், அப்போதுதான் நுணுக்கமெல்லாம் தெரியும்' என்பது என் கணவரின் கட்சி. நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். கல்யாணமான நாள் முதல் எழுதிய நோட்டுக்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கணக்கையும் என் காதையும் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது 1976ல். ஊர் கோயமுத்தூர். அவருக்கு ஒரு மில்லில், நெசவுப் பிரிவில் சூபர்வைசர் வேலை. நான் வந்தபோது வீட்டில் மாமனார் வாங்கி வைத்த வால்வு ரேடியோ இருந்தது. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். விவித பாரதியும் இலங்கை வானொலியும் அதில்தான் கேட்டோம். ஒரே ஒரு ஸ்பீக்கர். ஒலியின் உயரத்தை ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சொல்வார்கள். நல்ல இளங்காதுக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆனால் மீடியம் வேவ் ரேடியோவில் வருகிற ஒலி சுமார் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அதனால்தான் பழைய ரேடியோவில் எந்தப் பாட்டும் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவது போல இருக்கும். அன்று எங்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் என்ன, அதுவே அமிர்தமாக இருந்ததே!

1981ல் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து கொடுத்தான். வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்கலாம் என்பது முதல் லாபம். மகளின் மழலையைப் பதிவு செய்தது இரண்டாவது லாபம். ஒலி என்று பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை.

1987ல்தான் அந்தப் பெரிய மாற்றம் வந்தது. தீபாவளி போனஸும் என் சீட்டுப் பணமும் சேர்த்து 4,800 ரூபாய்க்கு ஒரு ஸ்டீரியோ டெக்கும், இரண்டு தனி ஸ்பீக்கர்களும். முதல் நாள் மாலை அவர் ஒரு கச்சேரிக் கேஸட்டைப் போட்டுவிட்டு, "அம்மிணி, இங்க வந்து நடுவால உட்காரு. தம்பூரா எங்க இருக்குதுன்னு கை காட்டலாம்!" என்றார். நிஜமாகவே காட்ட முடிந்தது. வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், நடுவில் பாட்டு. சுவரே இல்லாமல் போனது மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மாவுக் கையோடு வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு 1998ல் குறுந்தகடு, அதாவது ஸிடி வந்தது. 7,500 ரூபாய். கேஸட்டில் பாட்டோடு கூடவே வரும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் போயிற்று. அது நல்ல லாபம். 2005ல் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஸ்பீக்கர்கள், 22,000 ரூபாய். அதுவரை தட்டையாகக் கேட்ட மிருதங்கத்தின் தொப்பி அப்போதுதான் 'தொம்' என்று கேட்டது. அந்த விஷயத்தில் கணவர் கட்சிக்கு ஒரு வெற்றி என்று நானே ஒப்புக்கொள்கிறேன்.

2012ல் பெரிய ஆம்ப்ளிபயர், 35,000 ரூபாய். பழையது 30 வாட்ஸ், புதியது 60 வாட்ஸ். இரண்டு மடங்கு சத்தம் என்று நினைத்தால், இல்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். அது காதுக்குக் கொஞ்சம் தெரியும், அவ்வளவே. கேட்பதற்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதோடு, ஹாலில் உட்கார்ந்து சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒன்றிரண்டு வாட்ஸுக்கு மேல் செலவாவது அபூர்வம்.

அதற்கடுத்து ஒயர். 6,000 ரூபாய்! லீவுக்கு வந்திருந்த மகள், "அப்பா, நீங்க அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, பழைய ஒயரையும் புதிய ஒயரையும் ஆறு தடவை மாற்றி மாற்றிப் போட்டாள். எது புதியது என்று அவர் சொல்ல வேண்டும். மூன்று சரி, மூன்று தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. "இன்னிக்கு மனசு சரியில்லை" என்றார்.

ஆக, என் நோட்டுக் கணக்கு சொல்வது இதுதான்: 4,800 ரூபாய்க்கு ஒரு உலகமே கிடைத்தது. 22,000க்கு ஒரு மிருதங்கம் கிடைத்தது. 35,000க்குக் கொஞ்சம் சத்தம் கிடைத்தது. 6,000க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்குக் காரணம் முன்னால், பின்னால் என்பது அல்ல. தண்ணீர்க் குழாயில் எந்த இடத்தில் அடைப்போ, அங்கே குத்திவிட்டால்தானே தண்ணீர் வரும்? மற்ற இடத்தில் எத்தனை பெரிய குழாய் போட்டாலும் என்ன பிரயோஜனம்? 1987ல் அடைப்பு ஒற்றை ஸ்பீக்கர். 2005ல் அடைப்பு சின்ன ஸ்பீக்கர். அதற்குப் பிறகு பெட்டியில் அடைப்பே இல்லை.

காசில்லாமல் எடுக்கக்கூடிய ஓர் அடைப்பு மட்டும் இருந்தது. அது எங்கள் ஹால். மொசைக் தரை, வெறும் சுவர், மூலைக்கு ஒன்றாக ஸ்பீக்கர். மூலையில் வைத்தால் கனத்த ஒலியெல்லாம் 'கும்'மென்று பெருத்துப் போகும். மூலையை விட்டு இரண்டு முழம் தள்ளி, இரண்டு ஸ்பீக்கரும் நம் நாற்காலியும் சம முக்கோணமாக இருக்கும்படி வைத்து, சின்னக் குழல் காது உயரத்துக்கு வருகிறதா என்று பார்த்தோம். தரையில் ஒரு பவானி ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டேன். எதிரொலி அடங்கி, பாட்டின் வார்த்தை தெளிந்தது. 35,000 ரூபாய் செய்யாததை ஜமக்காளம் செய்தது.

இனிமேல் சொல்லப் போவதுதான் முக்கியம்.

2021ல் அவருக்கு 71 வயது. "ஸிஸ்டம் மந்தமாயிருச்சு. ஜால்ராவே கேட்கறதில்லை. பாடறவங்க என்ன வார்த்தை சொல்றாங்கன்னு புரியறதில்லை" என்று ஆரம்பித்தார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, ஆம்ப்ளிபயரை மாற்றினால் தீரும் என்று சொல்லி 1,20,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார். டெபாசிட் ஒன்று முதிர்கிற சமயம். அதை எடுத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்.

எனக்கோ அதே பெட்டியில் ஜால்ரா கணீரென்று கேட்டது! அதைச் சொன்னால், "உனக்கு என்ன தெரியும், போ" என்பார். வீட்டிலும் கொஞ்ச நாளாக வேறு மாதிரிதான் இருந்தது. நான் பேசினால் முணுமுணுக்கிறேன் என்று கோபம். டி.வி. சத்தத்தில் தொட்டில் பிள்ளை எழுந்துவிடும். நாலு பேர் கூடிப் பேசினால் அவர் எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொள்வார். மருமகளுக்கு அவரிடம் பேசவே தயக்கம்.

அந்த மாதம் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. எட்டு மாதக் குழந்தை. மருமகள் கஞ்சி காய்ச்சப் போக, அவர்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்குளில் தெர்மாமீட்டரைப் பிடித்திருந்தார். "மாமா, அடிச்சுட்டுதுங்களா?" என்று உள்ளிருந்து அவள் கேட்டாள். "இன்னும் இல்லீம்மா" என்றார். சமையலறையில் நின்ற எனக்கு அந்தக் 'கீச், கீச்' நன்றாகவே கேட்டிருந்தது. மடியிலிருந்த கருவியின் ஒலி அவருக்குக் கேட்கவில்லை. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

குழந்தைக்குக் குணமான பிறகு ஒரு நாள் மெதுவாகச் சொன்னேன்: "ஏனுங்க, ஆம்ப்ளிபயர் வாங்குங்க, நான் வேண்டாங்கலை. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்திரலாமுங்க." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, வண்டியை எடுக்கட்டுமா?" என்றார்.

டாக்டர் முதலில் காதுக்குள் பார்த்து, அழுக்கை எடுத்தார். சில பேருக்கு அதிலேயே சரியாகிவிடுமாம். இவருக்கு ஆகவில்லை. பிறகு சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு உயரத்து ஒலியாகக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். ஒலி கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வலி கிடையாது, ஊசி கிடையாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதை ஒரு வரைபடமாகக் கையில் கொடுத்தார்கள். 500 ஹெர்ட்ஸில் கோடு நன்றாகவே இருந்தது. 2,000க்குப் பிறகு சரிந்து, 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம்! அங்கே 60 டெசிபல் கொடுத்தால்தான் அவருக்குக் கேட்கிறது.

வயதானால் மேல் உயரத்து ஒலிகள்தான் முதலில் போகும். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுவது சத்தத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்குச் சகஜமாம். நாடாத் தறிகள் ஓடுகிற கொட்டகையில் 90 டெசிபலுக்கு மேல் சத்தம் சாதாரணம். அதில் முப்பத்தெட்டு வருஷம் நின்றவர் அவர். காதின் உள்ளே ஒலியை வாங்குகிற நுண்ணிய மயிரணுக்கள் ஒரு தடவை போனால் மறுபடி முளைப்பதில்லை.

வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குப் பழைய வால்வு ரேடியோதான் நினைவுக்கு வந்தது. மேலே உள்ள ஒலியை அது வெட்டிவிடும் என்று சொன்னேனல்லவா? அதே வேலையை இப்போது அவர் காதே செய்துகொண்டிருந்தது. எத்தனை ரூபாய் ஸ்டீரியோவாக இருந்தால் என்ன, கடைசியில் அது போய்ச் சேருகிற இடம் 1976ஆம் வருஷத்து ரேடியோ! பாடுகிறவரின் ஆதார சுவரம் 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டுவது அபூர்வம். அதனால் ராகம் அவருக்குக் கேட்டது. ஜால்ராவின் மினுக்கமும், தம்பூராவின் ரீங்காரமும், ச, ஸ, ஷ போன்ற எழுத்துக்களின் கூர்மையும் மேலே இருப்பவை. அவை போய்விட்டன. 'கேட்கிறது, ஆனால் புரியவில்லை' என்று வயதானவர்கள் சொல்வதற்கு இதுதான் அர்த்தம். அவர் கோபித்துக்கொண்ட என் முணுமுணுப்புக்கும் இதுதான் அர்த்தம்.

காது மிஷின் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "கிழவன்னு பட்டம் கட்டிக்கச் சொல்றியா?" என்றார். நாற்பது வயதிலேயே மூக்குக் கண்ணாடி போட்டவர்தான். அதில் வராத வெட்கம் இதில் மட்டும் ஏன் வருகிறதோ! கடைசியில் மனசு மாறியது டாக்டர் பேச்சால் அல்ல. மருமகள் பேரனை மடியில் விட்டு, "மாமா, இவன் பேச ஆரம்பிக்கறப்ப உங்களுக்குக் கேட்கணுமில்லீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு காதுக்கும் சேர்த்து 70,000 ரூபாய் ஆயிற்று. முதல் வாரம் பாடாய்ப் பட்டார். பாத்திரம் வைத்தால் இடி, பேப்பரைப் புரட்டினால் நெருப்புப் பற்றிய மாதிரி. கழற்றி எறிந்துவிடலாம் என்றார். பல வருஷமாகக் கேட்காத ஒலிகளை மூளை மறுபடி பழகிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும், தினமும் போட்டால்தான் பழகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பொறுத்துக்கொண்டார்.

இன்னொரு விஷயம். இந்தக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. புல்லாங்குழல் வாசிப்பைக் கேட்டால், தன்னிடமிருந்தே எழுந்த கீச்சொலி என்று நினைத்து அதை அடக்கப் பார்க்கும். குழல் நடுங்குகிறது என்று அவர் சொன்னபோது, பரிசோதகர் பாட்டுக்கென்று தனியாக ஓர் அமைப்பு வைத்துக் கொடுத்தார். பாட்டு ஆசை உள்ளவர்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாமாகச் சொன்னால்தான் செய்வார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அதே பழைய ஆம்ப்ளிபயரில், அதே ஸ்பீக்கரில் ஒரு பஜனை போட்டார். சத்தத்தின் குமிழ் பாதிக்குக் கீழே இருந்தது. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஜால்ரா இருக்குது" என்றார். இளமையில் கேட்ட காது திரும்பிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போனது போனதுதான். உயரமான சில ஒலிகள் அவருக்கு இன்றும் இல்லை. ஆனால் பேரன் பேசிய முதல் வார்த்தைகளைக் கேட்டார். 1,20,000க்குப் போகவிருந்த டெபாசிட்டில் 50,000 ரூபாய் மிச்சமாக மறுபடி பாங்கிலேயே இருக்கிறது.

2020ல் லான்ஸெட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் காது மந்தத்தையும் சேர்த்திருக்கிறது. ஆகவே இது பாட்டோடு மட்டும் முடிகிற விஷயமல்ல. வாசலில் போய்த் தனியே உட்கார்ந்துகொள்கிற பெரியவரை, குணம் மாறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மயிரணு போனால் வராது என்பது பெரியவர்களுக்கு மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன கணக்குப்படி, பாட்டுக் கேட்க பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரமும், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரமும்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. 100 டெசிபலில் பெரியவர்களுக்கே வாரத்துக்குச் சுமார் 20 நிமிஷம்தான்! டெசிபல் அளக்க நம்மிடம் கருவி இல்லாவிட்டால் பரவாயில்லை. பாட்டு ஓடும்போது கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேச, குரலை உயர்த்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனில் சத்தத்துக்கு ஓர் எல்லை வைக்கும் வசதி செல்போனிலேயே இருக்கிறது. அதை முதல் நாளே வைத்துவிடுங்கள். சத்தமான இடத்தில் வேலைக்குப் போகும் கணவரின் டிபன் பையில் சாப்பாட்டோடு காது அடைப்பானும் இருக்கட்டும்.

வீட்டில் 'ஸிஸ்டம் சரியில்லை, மாற்ற வேண்டும்' என்று பேச்சு எழுந்தால், என் வரிசை இது. முதலில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள். ஜமக்காளம் விரியுங்கள். பிறகு அதே பாட்டை வீட்டில் இளையவர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கும் மந்தமாகக் கேட்டால் பெட்டியைப் பாருங்கள். அவருக்குத் தெளிவாகக் கேட்டால், கடைக்குப் போகும் முன் காது டாக்டரிடம் ஒரு தடவை போய் வாருங்கள்.